போறணைக்குள் வைத்த பிள்ளை

சிஞ்ஞோராவின் அண்ணன் வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அவர் தலைக்கு மேலே, சுவரில், ஒரு கோடாலி தெரியும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்த மனிதர் சொல்வது எதுவும் எனக்கு ஏறாது. கண் கோடாலியிலேயே நிற்கும். ஆணி கழன்றால் நேரே உச்சந்தலையில்தான் இறங்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லியும் விட்டேன்.

"அண்ணையை மற்றக் கதிரையிலை இருக்கச் சொல்லுங்கோ சிஞ்ஞோரா. பார்க்க எனக்கு நெஞ்சு பதறுது."

"அது எங்கடை வீட்டுச் சுவரிலை இருநூறு வருசத்துக்கு மேலை தொங்குது. ஒருதற்றை தலையிலையும் விழேல்லை" என்றார் சிஞ்ஞோரா. தேநீரை ஒரு வாய் குடித்துவிட்டு, "சுவரிலை தொங்க முதல் விழுந்தது" என்றார்.

நாங்கள் இருவரும் இத்தாலியனில்தான் கதைப்போம்; சிஞ்ஞோரா என்றால் அதில் அம்மணி என்று மரியாதை. அவருடைய இத்தாலியனில் அமெரிக்கா மணக்கும், என்னுடையதில் யாழ்ப்பாணம். கீழ்வீட்டு மனிதர் படியில் சந்தித்தால், "உங்கடை வீட்டிலை இத்தாலியன் விருந்தாளியா வந்து போகுது" என்பார். அண்ணனும் தங்கையும் ஆங்கிலத்தில் கதைப்பதில் பாதி எனக்கு விளங்கும், மீதியைச் சிஞ்ஞோரா பிறகு சொல்வார். இங்கே எல்லாருடைய பேச்சையும் என் வாய்த்தமிழிலேயே எழுதுகிறேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது.

சிஞ்ஞோரா பிறந்தது அமெரிக்காவில், பென்சில்வேனியாவில். இளம்பெண்ணாக இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கிற பலேர்மோவுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர், இங்கே ஒரு டாக்டரைக் கலியாணம் கட்டி நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. டாக்டரும் போய்விட்டார். லிபெர்த்தா வீதியில் பெரிய வீடு, உயரமான கதவுகள், நடக்க ஏலாத கால்கள். குளிக்க வார்ப்பது, சமைப்பது, மருந்துக் குளிசை கொடுப்பது, கதை கேட்பது எல்லாம் நான். சம்பளத்துக்குச் செய்கிற வேலையில் கதை கேட்பதைச் சேர்க்கமாட்டேன். அதை நான் எங்கே இருந்தாலும் செய்வேன்.

கோடாலிக் கதையை முதலில் கேட்டது குளியலறையில். முதுகு தேய்க்கும்போது இடது தோளுக்குக் கீழே சதுரமாக ஒரு தழும்பு கையில் தட்டுப்பட்டது.

"ஆர் சுட்டது?"

"சுடேல்லை. பெல்ட்டின்ரை இரும்பு. அப்பா."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் இரண்டு பிள்ளைகளையும் கோடாலிக்குக் கீழே நிறுத்துவாராம். மேலே பார்க்கச் சொல்வாராம். "நாங்கள் எப்பிடிப்பட்ட ஆக்கள் எண்டு பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொல்லிக்கொண்டே பெல்ட்டை உருவுவாராம். அண்ணனுக்கு அப்போது மீசைகூட அரும்பவில்லை. அப்பாவின் கார்ச் சத்தம் கேட்டதும் தங்கையைத் துணி அலுமாரிக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் நிற்பார். "அவள் பக்கத்து வீட்டை போயிட்டாள்." இரண்டு பேருடைய அடியும் அவர் முதுகில் விழும். அலுமாரிக்குள் இருக்கிறவருக்குப் பெல்ட் விழும் சத்தம் ஒவ்வொன்றும் கேட்கும். ஒருமுறை உள்ளே தும்மல் வந்துவிட்டது. அந்தத் தும்மலின் மிச்சம்தான் தோளில் இருந்தது.

"இருட்டுக்குள்ளை இருந்து நான் ஆரை நினைப்பன் தெரியுமோ? போறணைக்குள்ளை வைச்ச பிள்ளையை. அவன் அசையாமல் இருந்து தப்பினவன். நானும் அசையாமல் இருந்தால் தப்புவன்."

போறணை என்றால் எங்கள் ஊர் பேக்கரியில் பாண் வேகிற அடுப்பு. கல்லால் குகை மாதிரிக் கட்டி, வாயில் ஒரு மூடி வைத்திருப்பார்கள். சிஞ்ஞோரா சொன்ன 'ஃபோர்னோ'வும் அதே சாமான்தான்.

அமெரிக்கா ஒரு நாடாகுமுன், ஆங்கிலேய அரசனின் குடியேற்றமாக இருந்த காலம். ஜெர்மனியில் ரைன் ஆற்றங்கரையில் சண்டைக்கு மேல் சண்டை. விளைந்த வயலில் குதிரைப்படை ஓடும், மிச்சத்தைத் தீ தின்னும். அங்கிருந்து ஒரு குடும்பம் கப்பலேறியது. கப்பல் கூலிக்குப் பதிலாக, போய் இறங்கிய இடத்தில் சில வருடம் ஒரு பெரிய வீட்டில் கட்டுப்பட்டு உழைத்தார்கள்.

"என்னை மாதிரியோ?" என்று கேட்டேன்.

"உனக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. அவைக்கு அதுகும் இல்லை. வாயைக் குறைச்சு முதுகைத் தேய்."

பிறகு காட்டோரத்தில் நிலம் எடுத்தார்கள். மரத்தால் வீடு, வீட்டுச் சுவரோடு ஒட்டிக் கல்லால் போறணை. அது பூர்வகுடிகளிடம் ஏமாற்றிப் பறித்த நிலம். வாங்கினவர்களுக்கு அது தெரியுமோ தெரியாதோ, பறிகொடுத்தவர்கள் மறக்கவில்லை. ஓர் இலையுதிர்காலக் காலையில், தகப்பன் மாவரைக்கப் போயிருந்த நேரம் வந்தார்கள். தாயை வாசலிலேயே வெட்டினார்கள். மூத்த மகனை வேலியோரம் விழுத்தித் தலைத்தோலை உரித்தெடுத்தார்கள். நடு மகள், அவளும் சின்னப் பெட்டைதான், நாலு வயதுத் தம்பியைத் தூக்கி ஆறிக் கிடந்த போறணைக்குள் திணித்து மூடியைச் சாத்தினாள். திரும்பும்போது தலைமயிரில் பிடி விழுந்தது. வீட்டுக்குத் தீ வைத்துவிட்டு அவளை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள்.

போறணைக்குள் இருந்த பிள்ளை தப்பினான், அவனுடைய வழியில் வந்தவர்கள்தான் சிஞ்ஞோராவும் அண்ணனும். இதுதான் அந்தக் குடும்பத்தின் கதை. சில வருடங்களுக்குப் பிறகு சமாதானம் பேசி, பிடிபட்டவர்களைத் திருப்பிக் கொடுத்தபோது அந்தப் பெட்டை வீட்டுக்கு வந்தாளாம். சொந்தப் பாஷையே மறந்துபோயிருந்தாளாம். தம்பி முற்றத்தில் நிற்பதைக் கண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாளாம்.

கோடாலி அந்தத் தகப்பனுடையது. வீடு எரிந்து அடுத்து வந்த குளிர்காலத்தில், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு சின்னக் கிராமத்துக்கு அவன் வேறு சில ஆண்களோடு போனான். அங்கே இருந்தவர்களும் பூர்வகுடிகள்தான். ஆனால் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, கூடை பின்னி, அதை இந்த ஜெர்மன்காரர் வீடுகளிலேயே கொண்டுவந்து விற்றுப் பிழைத்தவர்கள். தாக்க வந்தவர்களுக்கும் இவர்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. விடியுமுன் போனார்கள். வெடிமருந்தை வீணாக்க வேண்டாமென்று கோடாலியாலேயே முடித்தார்கள். கிழவர்கள், பெண்கள், தொட்டில் பிள்ளைகள். தங்களுக்குக் கூடை கொண்டுவந்து தந்த கைகளை அவர்களுக்கு அடையாளம் தெரிந்திருக்கும்.

சிஞ்ஞோராவின் அப்பா இந்த இடத்தில் சிரிப்பாராம். "கணக்கு நேராச்சு" என்பாராம்.

அண்ணனுக்கு வயது போகப்போக இந்த முன்னோர் தேடல் ஒரு நோய் மாதிரிப் பிடித்துவிட்டது. வம்சமரம் வரைந்து, எரிந்த வீடு இருந்த நிலத்தைக் கண்டுபிடித்து, அங்கே ஒரு கல் நடுவதென்று முடிவெடுத்தார். வெட்டுப்பட்டவர்களின் பெயர்களைப் பொறித்து, கடைசி வரியாக, 'போறணையில் கடவுள் காத்த பிள்ளையின் வழிவந்தவர்கள் நாங்கள்' என்று வெட்டுவித்தார். கல்லை வீடியோவில் காட்டினார். கறுப்புக் கல், பளபளவென்று, அதில் அவருடைய முகமே தெரிந்தது. சிஞ்ஞோரா திரையைத் தடவிப் பார்த்தார்.

கல்லுக்கு அத்திவாரம் போட நிலத்தைத் தோண்டினார்கள். மெசினின் வாளியில் வளைவாக அடுக்கின கற்கள் வந்தன. அது போறணையின் கூரை. எல்லாருக்கும் பெரிய சந்தோசம். கையால் மண்ணைத் தள்ளிப் பார்த்தால், உள்ளே, போறணைத் தளத்தின் கடைசி மூலையில், எலும்புகள். முதலில் பன்றி என்றார்களாம். பல்கலைக்கழகத்தில் இருந்து வந்து பார்த்தவர்கள் குழந்தை என்றார்கள். மூன்று வயதுக்கும் ஐந்துக்கும் இடையில். முழங்கால்கள் நெஞ்சோடு மடிந்திருந்தன. எரிந்த வீடு போறணை வாசலுக்கு மேல் இடிந்து விழுந்திருக்கிறது. மூடியை உள்ளேயிருந்து தள்ள ஏலாது.

அந்தச் செய்தி வந்தபோது நான் குசினியில் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசிச் சத்தம் கேட்டுச் சிஞ்ஞோராவிடம் போனேன். போய்ப் பார்த்தால், தொலைபேசியை மடியில் கவிழ்த்துவைத்துவிட்டுத் தன்னுடைய முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அவன் தப்பேல்லை" என்றார்.

"அப்ப நீங்கள் ஆரின்ரை பிள்ளையள்?"

அதுதான் கேள்வி. அதற்கு விடை அவர்கள் கையில் நெடுங்காலமாகவே இருந்திருக்கிறது. அவர்களுடைய முன்னோனுக்குத் தேவாலயத்தில் எழுதிவைத்திருந்த ஞானஸ்நான நாள், வீடு எரிந்ததற்குப் பிந்திய நாளாக இருந்தது. அண்ணன் அதைப் பிழையென்று தள்ளி, வம்சமரத்தில் முன்னால் தள்ளிப் போட்டிருந்தார். பாதிரியார் குடிவெறியில் எழுதிவிட்டாராம்.

"எத்தினை வருசமா ஒரு பாவப்பட்ட பாதிரியாரைக் குடிகாரன் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சம்" என்றார் சிஞ்ஞோரா. "அந்தக் காலத்து ஜெர்மன்காரர் ஒரு பிள்ளை செத்தால், அடுத்துப் பிறக்கிற பிள்ளைக்கு அதே பேரை வைப்பினம். அது அண்ணனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வேறை ஆக்களின்ரை மரத்திலை கண்டால் உடனை பிடிப்பம். எங்கடை மரத்திலை எங்களுக்குத் தெரியேல்லை."

தகப்பன் இரண்டாம் கலியாணம் கட்டியிருக்கிறான். பிறந்த பையனுக்குச் செத்தவனுடைய பெயர். அந்த இரண்டாவது பையனின் வழியில்தான் இவர்கள். கோடாலி எடுத்துப்போய் வந்த மனிதனுக்கு, போய் வந்த பிறகு பிறந்த பிள்ளை.

அன்றைக்கு அண்ணனோடு நடந்த கதையை நான் மறக்கமாட்டேன்.

"அது அயல் வீட்டுப் பிள்ளையா இருக்கும்" என்றார் அண்ணன்.

"அயல் வீட்டுப் பிள்ளைக்கு எங்கடை போறணைக்குள்ளை என்ன வேலை? பாண் வாங்க வந்ததோ?"

"கல்லு வெட்டியாச்சு. எல்லாருக்கும் சொல்லியாச்சு. எலும்பைக் கல்லுக்குக் கீழை மரியாதையா வைப்பம். அதோடை விடு."

"தப்பினான் எண்டு எழுதின கல்லுக்குக் கீழை செத்தவனைப் படுக்க வைக்கப் போறியோ?" சிஞ்ஞோராவின் குரல் எனக்குப் பழக்கமில்லாத குரலாக இருந்தது. "அப்பாவும் இப்பிடித்தான். பொய்யைச் சுவரிலை கொழுவிவைச்சிட்டு அதுக்குக் கீழை எங்களை நிப்பாட்டினவர். நீயும் அவர்தான்."

அண்ணன் எழுந்தார். திரையில் அவருடைய இடுப்பு மட்டும் தெரிந்தது, பிறகு ஒரு கை மேலே போனது. கோடாலி சுவரில் இருந்து இறங்கியது. மேசையில் விழுந்த முதல் அடியில் கண்ணாடி பறந்தது. இரண்டாவது அடியில் மேசை பிளந்து, தொலைபேசி நிலத்தில் விழுந்து, மேல்முகட்டைக் காட்டியது. மூச்சிரைப்பும் அடியும் மட்டும் கேட்டன. எண்பது தாண்டின மனிதர். அவருடைய மகள் ஓடிவந்து "அப்பா, அப்பா" என்று கத்துவதும், ஏதோ உருளுவதும் கேட்டு, தொடர்பு அறுந்தது. சிஞ்ஞோரா தன்னையறியாமல் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டிருந்தார், அலுமாரிக்குள் இருந்த பிள்ளை மாதிரி.

பிறகு அந்த மகள், சிஞ்ஞோராவின் மருமகள், கூப்பிட்டுச் சொன்னாள். அப்பாவுக்குக் காயம் இல்லை, ஆனால் கல்லில் ஒரு எழுத்தும் மாற விடமாட்டாராம். நவம்பர் இரண்டாம் நாள் கல் நடுவது நடுவதுதானாம்.

"அந்தக் கல்லு அப்பிடியே நிண்டால், அந்தப் பிள்ளை சாகவே இல்லை எண்டு ஆகிடும்" என்றார் சிஞ்ஞோரா என்னிடம். "அவனுக்கு ஒருதரும் அழேல்லை. பேரையும் எடுத்து மற்றவனுக்குக் குடுத்தாச்சு. நான் கண்ணை மூட முதல் அவன் செத்தவன் எண்டு ஆராவது சொல்லவேணும்."

நாங்கள் இருக்கிற சீசாப் பகுதிக்குப் போய் எங்கள் வீட்டுக்காரருக்கு இரவுச் சாப்பாட்டோடு இதைச் சொன்னேன். அவர் பொலிதேயாமாப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடையில் நாள் முழுக்கக் கோப்பை கழுவிவிட்டு வருகிறவர். ஊர்க் கதையைக் கேட்க அவருக்குத் தெம்பு கிடையாது.

"இஞ்சேரும், ஏழு எட்டுத் தலைமுறைக்கு முந்தின செத்தவீட்டுக்கு இப்பவோ சண்டை பிடிக்கினம்? திவசத்துக்கு ஐயர் மூண்டு தலைமுறைதான் கேக்கிறார். அதிலையே பூட்டன்ரை பேர் எனக்கு வராது. நான் வாய்க்குள்ளை ஏதோ முணுமுணுப்பன், ஐயரும் விட்டிடுவார்."

"உங்கடை பூட்டனை ஒருதரும் வெட்டேல்லையே."

"ஆர் கண்டது" என்றவர் சோற்றைப் பிசைந்தபடி நிறுத்தினார். "வெட்டினவரோ தெரியாது."

சிஞ்ஞோரா சாப்பாட்டைக் குறைத்தார். வாயைத் திறந்தால் அந்தத் தகப்பனுக்குத் திட்டுத்தான். கொலைகாரன், பொய்யன். ஊரையே வெட்டிவிட்டு வந்து, பெட்டை திரும்பி வந்தபோது, இதோ உன் தம்பி என்று வேறொருவனைக் காட்டியிருக்கிறான். "அந்தப் பெட்டையை ஏமாத்த எப்பிடி மனம் வந்தது அவனுக்கு?"

ஒரு பின்னேரம் அவருடைய காலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் என் தம்பியின் கதையைச் சொன்னேன். அதுவரை சொன்னதில்லை. ஒளித்தேன் என்றில்லை, அவர் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் குண்டுவீச்சு நேரம் எல்லா வீட்டு வளவிலும் பங்கர் இருந்தது. குழி வெட்டி, பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை. விமானச் சத்தம் கேட்டதும் அம்மா தம்பியைப் பங்கருக்குள் தள்ளினார். அவனுக்கு அது விருப்பமில்லை, உள்ளே தேரை இருக்கும். "இறங்கடா, அசையாமல் இரு" என்று தள்ளிவிட்டு, என்னையும் கூட்டிவர வீட்டுப் பக்கம் ஓடிவந்தார். அந்த ஓட்டத்துக்குள் குண்டு பங்கர் வாசலில் விழுந்தது. காது அடைத்து, வாயெல்லாம் மண். அம்மாவுக்குத் தலையில் பட்டு மயக்கம். அப்பாவும் அயலட்டை ஆம்பிளையளும் கையால் கிளறினார்கள். நான் வேலியோடு நின்று பார்த்தேன். பனங்குற்றிகளுக்கு இடையில் முதலில் ஒரு கால் வந்தது, செருப்போடு. மீதியை உரப்பையில் போட்டார்கள்.

அம்மா கண் விழித்து, "உள்ளுக்கைதானே விட்டனான், உள்ளுக்கைதானே விட்டனான்" என்று கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் பக்கத்து வீட்டு அண்ணை சொன்னார். "இல்லையக்கா. பிள்ளை வெளியாலை ஓடி வந்திட்டுது. கிணத்தடியிலைதான் பட்டது." அவ்வளவுதான். ஒருவரும் ஒருவரோடு பேசி வைக்கவில்லை. அந்த ஒழுங்கைத் தெரு முழுக்க அன்றிலிருந்து தம்பி செத்தது கிணற்றடியில்தான். அம்மா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். "சொல்லுக் கேட்டு உள்ளுக்கை இருந்திருந்தால் தப்பியிருப்பான். அடங்காப் பிள்ளை" என்று அவனுடைய படத்துக்கு முன்னால் ஏசுவார். அந்த ஏச்சோடேயே கண்ணை மூடினார்.

சிஞ்ஞோராவின் கால் என் கையில் அப்படியே இருந்தது. எண்ணெய் சில்லிட்டுப் போயிற்று.

"அந்தப் பெட்டைதான் மூடியைச் சாத்தினவள்" என்றார் மெதுவாக.

"ஓம்."

"திரும்பி வந்து முதல் கேட்டிருப்பாள். போறணைக்குள்ளை வைச்சனே, தம்பி எங்கை எண்டு. அவள் சொல்லத்தான் அந்த மனுசனுக்கே தெரிஞ்சிருக்கும், பிள்ளை இவ்வளவு நாளும் எங்கை கிடந்தது எண்டு."

"பையன் சின்னனா இருக்கிறான் எண்டு பெட்டை கேட்டிருப்பாளே?"

"பசியிலை வளரேல்லை எண்டு சொல்லியிருப்பான்."

நான் எழுந்து எண்ணெய் துடைக்கத் துவாய் எடுத்து வந்தேன். சிஞ்ஞோரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ ஹார்னில் கையை வைத்தபடி எடுக்கவே இல்லை.

"தொட்டில் பிள்ளையை வெட்டினதும் அந்தக் கைதான். இதைச் செய்ததும் அந்தக் கைதான்" என்றார். "ஒண்டுக்காக மற்றதை மன்னிக்கேலாது எனக்கு. ஆனால் இனிப் பொய்யன் எண்டு சொல்லமாட்டன். அந்தப் பெட்டையும் செத்து எவ்வளவு காலம். பொய் தன்ரை வேலையை முடிச்சிட்டுது. இனி அதைக் கல்லிலை வெட்டத் தேவையில்லை. அண்ணனைப் பிடி."

அண்ணன் முதல் கூப்பிட்டதற்கு எடுக்கவில்லை. அடுத்ததற்கும் எடுக்கவில்லை. பிறகு சுவர் மட்டும் தெரிந்தது. கோடாலி இல்லை. அது தொங்கின இடம் மட்டும் சுவரின் பழுப்புக்கு நடுவில் கோடாலி உருவத்திலேயே வெள்ளையாக இருந்தது. ஆள் எங்கோ பக்கத்தில் இருக்கிறார் என்பது மூச்சில் தெரிந்தது.

சிஞ்ஞோரா எல்லாவற்றையும் சொன்னார், என் தம்பியையும் சேர்த்து. கடைசியாகச் சொன்னது இது.

"நீ என்னை அலுமாரிக்குள்ளை வைச்சாய். நான் தப்பினன். அவள் தம்பியைப் போறணைக்குள்ளை வைச்சாள். அவன் தப்பேல்லை. அவள் செய்ததிலை ஒரு பிழையும் இல்லை. அவன் செத்தான் எண்டு ஒப்புக்கொண்டால் அவளைக் குற்றஞ்சாட்டினதா ஆகாது. உன்னையும்தான்."

கதிரை ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"நீ தும்மினனி" என்றார் அண்ணன். "நீ தும்மாமல் இருந்திருந்தால்."

"தெரியும். அதுக்கும் நீதான் குறுக்கை வந்து விழுந்தனி."

"கடைசி வரியை எடுக்கச் சொல்லுறன்."

"வெட்டுப்பட்ட அந்த ஊர்ச் சனத்துக்கும் ஒரு வரி."

"அது ஏலாது" என்றார். சுவரும் போய்விட்டது.

நவம்பர் இரண்டாம் நாள் பலேர்மோவில் செத்தவர்களின் நாள். அன்றைக்குக் குடும்பத்தில் செத்தவர்கள் பிள்ளைகளுக்குப் பரிசு கொண்டுவருவார்கள் என்று இங்கே வழக்கம். சீனியால் செய்து சாயம் பூசின பொம்மை விற்கும். வாள் தூக்கின வீரன், குதிரையில் வீரன். சிஞ்ஞோரா முதல்நாளே சொல்லிவிட்டார்.

"பிள்ளைக்கு ஒரு சீனிப் பொம்மை வாங்கி வா. வாள் இல்லாதது."

காலையில் சீசாவில் பஸ்ஸுக்கு நிற்கும்போது இரண்டு ஸ்கூட்டர்கள் உரசின. இரண்டு பையன்களும் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றி அதாலேயே அடித்துக்கொண்டார்கள். ஒருவனுக்குப் புருவம் கிழிந்து ரத்தம் சட்டை வரை வழிந்தது. விழுந்தவனை மற்றவன் உதைத்துக்கொண்டே இருந்தான், பேக்கரிக்காரர் ஓடிவந்து இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்கும் வரை. என் பக்கத்தில் நின்ற சிசிலிக் கிழவி கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, "இண்டைக்குச் செத்தவையின்ரை நாள். ஒரு நாளைக்காவது கையை வீட்டிலை வைச்சிட்டு வந்திருக்கலாம்" என்றார். அந்தப் பேச்சை நான் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் வாய்க்குள் போட்டுக்கொண்டு போனேன்.

பொம்மைக் கடையில் எல்லாருடைய கையிலும் வாள். ஆயுதம் இல்லாத ஆள் இல்லையா என்று கேட்டேன். "சிஞ்ஞோரா, வாளில்லாமல் அவர் வீட்டிலையிருந்து வெளிக்கிட மாட்டார்" என்றார் கடைக்காரர். கடைசியில் ஒரு குதிரை வீரனை வாங்கிக்கொண்டு வந்தேன். சிஞ்ஞோரா பார்த்தார். வாளைப் பிடித்து முறித்து என் உள்ளங்கையில் வைத்தார். வீரன் வெறும் முட்டியைத் தூக்கிக்கொண்டு மேசையில் நின்றான்.

பின்னேரம் மருமகள் வீடியோவில் கூப்பிட்டாள். அங்கே காலை. நனைந்த புல், குளிருக்குப் போர்த்த சனம், கறுப்புக் கல். கடைசி வரி இருந்த இடத்தை அரைத்து எடுத்திருந்தார்கள். அந்த இடம் மட்டும் பளபளப்பில்லாமல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. அதற்கு மேலே, செத்தவர்களின் பெயர்களுக்குக் கீழே, புதிதாக ஒரு பெயர். சின்ன எழுத்து. வெட்டின தூள் இன்னும் அதற்குள் வெள்ளையாக இருந்தது.

சிஞ்ஞோரா அந்தப் பெயரை வாய்விட்டு வாசித்தார். பிறகு அழுதார், நேற்றுச் செத்த பிள்ளைக்கு அழுகிற மாதிரி. என்னையும் அழுகை பிடித்தது.

சின்ன மரப்பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அப்போது அண்ணன் கோட்டை விலக்கிக் கோடாலியை எடுத்தார். சனம் ஒரு அடி பின்வாங்கியது. அவர் குழிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கோடாலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கக் குனிந்தார்.

"அதை அவனுக்குப் பக்கத்திலை வையாதை" என்றார் சிஞ்ஞோரா. மருமகள் தொலைபேசியை அண்ணனுக்குக் கிட்டக் கொண்டுபோனாள். "பிள்ளைக்குப் பக்கத்திலை கோடாலியோ? அவன் கண்டது போதும்."

அண்ணன் அப்படியே இருந்தார், இரண்டு கையிலும் கோடாலியை ஏந்திக்கொண்டு. "வேறை எங்கை வைக்கிறது? வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோக என்னாலை ஏலாது."

"வெட்டின இடத்துக்குக் கொண்டு போ."

"அங்கை இப்ப கார் நிப்பாட்டிற இடம். பக்கத்திலை கடைத்தொகுதி."

"அப்ப காரை நிப்பாட்டு. இறங்கி நில்."

யாரோ மண் தள்ளத் தொடங்கினார்கள். மருமகள் "பிறகு எடுக்கிறன் மாமி" என்று வைத்துவிட்டாள்.

இருட்டத் தொடங்கியது. தேநீர் போட்டேன். சீனி வாளை என்ன செய்வதென்று கேட்டேன். "போடு, வேறை என்னத்துக்கு" என்றார் சிஞ்ஞோரா. போட்டுக் கலக்கினேன். சாயம் கரைந்து தேநீர் ஒரு மாதிரியாக ஆயிற்று. அதைத்தான் இருவரும் பாதிப் பாதி குடித்தோம்.

தொலைபேசி ஒருமுறை அதிர்ந்தது. மருமகள் ஒரு படம் அனுப்பியிருந்தாள். மழை. இரண்டு கார்களுக்கு நடுவில் அண்ணன் நிற்கிறார். தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருக்கிறார். தலை நனைந்திருக்கிறது.

"கோடாலி எங்கை?" என்றார் சிஞ்ஞோரா.

"தெரியேல்லை."

"விரிச்சுப் பார்."

விரலால் விரித்து, அவருடைய கையைப் பார்த்தேன், காலடியைப் பார்த்தேன், கார்களுக்குக் கீழே பார்த்தேன். ஈரத் தாரும், கார் நிறுத்தப் போட்ட வெள்ளைக் கோடுகளும்தான் தெரிந்தன.